உதய்ப்பூருக்கு ஏற்ற மாதம்

மார்ச் 4

காலையில் இட்லி சாப்பிடும்போது தரணி ஆரம்பித்தான். வருகிற டிசம்பரோடு அவனுக்கும் கோகிலாவுக்கும் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். எங்காவது பெரிய இடமாகப் போக வேண்டுமாம். அவனுக்கு நூல் சப்ளை செய்கிற சென்னியப்பன் போன டிசம்பரில் குடும்பத்தோடு உதய்ப்பூர் போய் அரண்மனை ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தார். அந்தப் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம்.

“நாம அதைவிட ஒருபடி மேல இருக்கோணும்மா. ஹோட்டலை நீங்களே பாத்துச் சொல்லுங்க. அத்தனை வருசம் ஹிஸ்டரி நடத்துனவங்க நீங்கதானே.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மேவார், சித்தூர்க்கோட்டை, ஹல்திகாட்டி என்று திருப்பூர்ப் பெண் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டாத இடம் இல்லை. ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய அப்பா இருந்தவரை அவருக்குப் பயணம் பிடிக்காது.

கோகிலா சட்னி பரிமாறிக்கொண்டிருந்தாள். இடது கையில் கட்டு. கார்க் கதவில் விரல் நசுங்கிவிட்டது. ஒற்றைக் கையால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறினாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 7

டேப்லெட்டில் ஹோட்டல்களாகப் பார்த்துக் கண் வலிக்கிறது. கடைசியில் மூன்றைப் பிரித்து வைத்தேன். ஒன்று ஏரிக்கு நடுவிலேயே இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். இன்னொன்று ஊருக்கு வெளியே மலை மேல், ஒவ்வொருவருக்கும் தனி வில்லா, தனி நீச்சல் குளம். மூன்றாவது பழைய நகரத்துக்குள், ஏரிப் படித்துறைக்குப் பக்கத்தில், யாரோ ஒரு திவானின் பழைய மாளிகை, ஹவேலி என்கிறார்கள். நடுவில் முற்றம், சுற்றி நான்கு பக்கமும் அறைகள்.

தரணிக்குப் பார்த்தவுடன் வில்லா பிடித்துவிட்டது. “வெளியாள் தொந்தரவே இருக்காது. கத்துனாக்கூட ஒருத்தனுக்கும் கேக்காது” என்று சிரித்தான். பாட்டை உரக்க வைத்துக் கேட்பது அவன் வழக்கம்.

மத்தியானம் துணி மடிக்க என் அறைக்கு வந்த கோகிலாவிடமும் படங்களைக் காட்டினேன். ஏரி நடுவில் இருக்கும் ஹோட்டலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“படகு எந்நேரமும் ஓடுமுங்களா அத்தை?”

“பொழுது சாஞ்சப்புறம் எங்க போகப் போறே?”

மடித்த துண்டையே மறுபடி உதறி மடித்தாள். பிறகு ஹவேலியின் படத்தில் விரலை வைத்து, “இந்தக் கதவுக்கெல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்களா?” என்றாள். இவ்வளவு பெரிய ஹோட்டலில் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 8

சாம்பார்ப் பாத்திரம் விழுந்துவிட்டது. சாப்பாட்டு அறைச் சுவரைத் துடைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை. பெயின்ட் அடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

மார்ச் 21

பருவம்தான் இன்னும் முடிவாகவில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை குளிர்காலம், எல்லோரும் போவது அப்போதுதான். ஏப்ரல் பிறந்தால் வெயில். ஜூலையில் மழை இறங்கும், ஏரிகள் நிறையும், மலையெல்லாம் பச்சையாகும், ஆனால் வெளியூர்க்காரர்கள் அவ்வளவாக வருவதில்லை. அந்த டிசம்பர் நாளிலேயே அங்கே இருக்க வேண்டும் என்கிறான் தரணி.

கோகிலா அடுப்படியில் என் காதருகே வந்து சொன்னாள், “ஜூலையில போலாமுங்கத்தை. மழை பாக்கோணும்னு ஆசையா இருக்குது.”

“ஏங்கண்ணு, ஜூலையில வெளிநாட்டு ஆர்டரெல்லாம் கப்பல் ஏறுற சமயம். அவன் சோத்துக்கே வீட்டுக்கு வர மாட்டான். உங்கூட எப்படி வருவான்?”

“ஆமாங்க” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விவரம் பத்தாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13

ஊட்டி ஹாஸ்டலிலிருந்து பேத்தி இனியா வீடியோ காலில் வந்தாள். லீவுக்கு இங்கே வரவில்லையாம். மேட்டுப்பாளையத்தில் பெரியம்மா சுகன்யா வீட்டுக்குப் போகிறாளாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

“அம்மாவைக் காட்டுங்க பாட்டி.”

காட்டினேன். “அந்தப் பக்கம் திரும்புங்கம்மா” என்றாள். கோகிலா திரும்பினாள். “இந்தப் பக்கம்.” திரும்பினாள். குழந்தைக்கு ஏதோ விளையாட்டு. பிறகு “சரி, வெச்சர்றேன்” என்று வைத்துவிட்டாள்.

ஏழு வயதிலேயே அவளை ஹாஸ்டலில் போடச் சொன்னது நான்தான். ஒருநாள் சாப்பாட்டு அறை வாசலில் நின்றபடியே நின்று, பாவாடையெல்லாம் நனைத்துக்கொண்டாள். படிப்புக்கு ஊட்டிதான் நல்லது என்று அன்று சாயங்காலம் தரணியிடம் சொன்னேன்.

ஏப்ரல் 29

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. நடுவில் போனது என் தப்பு. அவன் கையை வீசியபோது என் முகம் அங்கே இருந்தது.

மே 18, ஞாயிறு

சென்னியப்பனும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணி, கோழி வறுவல், இளநீர்ப் பாயசம். தரணி டிவியில் அந்த மலை வில்லாவின் படங்களைப் பெரிதாகப் போட்டுக் காட்டினான். டிசம்பருக்கு அதைத்தான் எடுக்கப்போகிறோம் என்றான். அந்தம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கோகிலாவைப் பார்த்து, “உனக்குப் புடிச்சிருக்குதா அம்மிணி?” என்று கேட்டாள்.

கோகிலா, “மழைக்காலத்துலதானுங்க அந்த ஊரு நல்லா இருக்குமாம்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தரணி சிரித்தான். சென்னியப்பனும் சிரித்தார். வாசல் வரை போய் அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

சாப்பாட்டு மேஜையிலிருந்து பின்கட்டு வரைக்கும் அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தாள். கொஞ்ச தூரம் அதை விடாமலே போனாள். பின்கட்டுக் கதவைச் சாத்தினான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. நடு நடுவே அவன் பேசினான். “எம்முன்னால பேசுவியா? அவனுக்கு முன்னால பேசுவியா?” நான் கதவைத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் வெளியே வந்து கை கழுவிக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா” என்றான்.

மே 19

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது.

“பாத்ரூம்ல விழுந்தா விலாவுல செருப்புத் தடம் விழாதுங்கம்மா” என்றார்.

அவர் என் இடது பக்கம் நின்று பேசினார். எனக்கு அந்தக் காது கேட்காது. கேட்கவில்லை என்று இருந்துவிட்டேன்.

அந்தக் காது போய் ரொம்ப வருடமாகிறது. சீழ் வைத்துப் போனதாகத்தான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். தரணியின் அப்பா ஒரே ஒரு அடிதான் அடித்தார், சீழெல்லாம் வைக்கவில்லை. தரணிக்கு அப்போது ஐந்து வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அடி விழுந்ததும் முந்தானையை விட்டுவிட்டு அப்பா பக்கம் போய் நின்றுகொண்டான்.

மே 23

கோகிலாவால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் முதுகை நான் பார்த்ததில்லை. பழைய தழும்பு, ஆறின தழும்பு, மஞ்சளாகிக்கொண்டிருக்கும் தழும்பு. இடுப்புக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறது.

“இது எப்பக் கண்ணு?”

“நீங்க காசிக்கு டூர் போயிருந்தீங்கல்லங்கத்தை. அப்ப.”

தண்ணீர் ஆறிவிட்டது. வேறு தண்ணீர் வைக்கப் போனேன். அடுப்பு முன்னால் நின்றிருந்தபோதுதான் அவள் ஏன் ஜூலை, ஜூலை என்றாள் என்பது எனக்கு விளங்கியது.

ஜூன் 2

தரணியிடம் பேசினேன். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். டிசம்பரில் திருப்பூரே அங்கேதான் இருக்கும், வரிசையில் நின்று அரண்மனை பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த பெரிய பணக்காரர்கள் இப்போதெல்லாம் மழைக்காலத்தில்தான் போகிறார்கள், ஏரி நிறைந்திருக்கும்போது எடுத்த படம் சென்னியப்பனிடம் ஒன்றுகூட இல்லை என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது.

“ஜூலையில நான் எப்படிம்மா வர்றது?”

“நாங்க முன்னால போறோம் தம்பி. நீ கடைசி ரெண்டு நாளைக்கு வந்தாப் போதும்.”

யோசித்தான். “சரி, அந்த வில்லாவையே போட்டுருங்க” என்றான். சரி என்றேன்.

ஹவேலிக்குப் போன் செய்தேன். மேனேஜர் ஒரு பெண், பாவ்னா ராத்தோட் என்று பேர். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்குமா, பக்கத்து அறையில் ஆள் இருப்பார்களா என்று கேட்டேன். சிலருக்குச் சத்தம் பிடிக்காது, உங்களுக்கு வேண்டுமானால் ஓரமாக, அமைதியாக ஒரு அறை தருகிறேன் என்றார். வேண்டாம், சத்தம் கேட்கிற இடமாகக் கொடுங்கள் என்றேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்றும் கேட்டேன். “உண்டு மேடம், பழைய இரும்புத் தாழ்ப்பாள்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூன் 30

கோகிலாவின் விலாக் கட்டைப் பிரித்தாயிற்று. தரணி தினமும் கம்பெனியிலேயே இருக்கிறான். வீடு அமைதியாக இருக்கிறது.

ஜூலை 21

உதய்ப்பூர். மழை.

ஹவேலி வாசலில் நெற்றியில் திலகம் வைத்து ஏதோ ஒரு பூ ஷர்பத் கொடுத்தார்கள். எங்கள் அறைக்கு வெளியே முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். உள்ளே ஜன்னலோரம் மெத்தை போட்ட கல் மேடை, அதற்குக் கீழே ஏரி. கோகிலா அந்த மேடையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னோம். தட்டு வைத்த பையன் போனதும், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

தரணி போன் செய்தான். வில்லா எப்படி இருக்கிறது என்றான். பிரமாதம் என்றேன்.

ஜூலை 23

காரில் சித்தூர். கோட்டை பச்சையாக, ஈரமாக இருந்தது. கைடு ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை நான் கோகிலாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். கோட்டை விழப்போகிறது என்று தெரிந்ததும் ராணியும் மற்றப் பெண்களும் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே புல் மட்டும்தான். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது என் குரல் தானாக உயரும். இன்றும் உயர்ந்தது.

கோகிலா கேட்டாள், “வெளிய போறதுக்கு வேற வழியே இல்லைங்களா அத்தை?”

“கோட்டையைச் சுத்தி எதிரிப் படை நின்னுது கண்ணு.”

“யாராச்சும் ஒருத்தி தப்பிச்சுப் போயிருப்பாள்ல. அவ பேரைப் புஸ்தகத்துல போட்டிருக்க மாட்டாங்க.”

எத்தனையோ வருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

ஜூலை 24

கோகிலா சொல்லிவிட்டாள். திரும்பித் திருப்பூருக்கு வரப்போவதில்லை. ஊட்டியில் இனியாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சுகன்யா ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். தரணி இருபத்தாறாம் தேதி இங்கே வருகிறான். அவன் வருவதற்குள் காலை விமானத்தில் கிளம்பிவிடுவாள். நான் அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 26

நேற்றே வந்துவிட்டான்.

தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். குனிந்து எழுதினால் வலிக்கிறது. ஆனாலும் போலீஸிடம் சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கோகிலா தலை வாரிக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் தரணி. உடம்பெல்லாம் நனைந்திருந்தான். கப்பல் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டதாம். நேராக அந்த மலைக்குப் போயிருக்கிறான். அப்படி ஒரு பேரில் யாரும் இல்லை என்று ரிசப்ஷனில் சொல்லி, மழையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் நாங்கள் ஏறிய டாக்ஸி கம்பெனியில் விசாரித்து இங்கே வந்துவிட்டான்.

“வில்லா எங்கம்மா?” என்றான். குரல் உயரவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

“நான் அதைப் போடலை தம்பி. உக்காரு. டீ குடி.”

“அவ எங்க?”

நான் மேலே பார்த்திருக்கக் கூடாது.

மாடிப்படி ஏறினான். நானும் பின்னால் ஓடினேன். கோகிலா சத்தம் கேட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். கதவை உதைத்தான், அது பழைய தேக்கு, அசையவில்லை. தாழ்வாரத்தில் அழகுக்காக வைத்திருந்த பித்தளைக் கூஜாவை எடுத்தான். கதவுக்குப் பக்கத்தில் இருந்த மர ஜன்னலை அதைக்கொண்டு அடித்து நொறுக்கிக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான். அவன் கையெல்லாம் ரத்தம். அவனுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்து கூஜாவால் அடித்தான். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். கை ஒடிந்த சத்தம் எனக்கே, என் நல்ல காதில், கேட்டது. இந்தத் தடவை அவள் கத்தினாள். மலை வில்லாவாக இருந்தால் அது மழையோடு போயிருக்கும். இங்கே நாலு பக்கமும் கதவுகள் திறந்தன. வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பஞ்சாபிப் பெண், கீழே முற்றத்தில் டீ ட்ரேயோடு பையன்கள், எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வெளியே இருக்கிறவர்கள் அவனை அந்தக் கோலத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்தேன். “விடுஞ்சாமி, விட்ரு, செத்துருவா.”

“உங்களுக்கும் வேணுமா?” என்று திரும்பினான். நெற்றிக்கு மேலே விழுந்தது. கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. கீழே கிடந்தபடியே அவன் காலைக் கட்டிக்கொண்டேன். உதறினான், விடவில்லை. தோளில் மிதித்தான், விடவில்லை. அன்று பின்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டியபோது என்னிடம் இல்லாத பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஹோட்டல் ஆட்கள் ஏறி வந்து அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார்கள்.

பாவ்னா என் பக்கத்தில் மண்டியிட்டு, “போலீஸைக் கூப்பிடட்டுமா மேடம்?” என்று கேட்டார். கோகிலாவால் பேச முடியவில்லை. தரணி தரையில் அழுந்திக் கிடந்த முகத்தைத் திருப்பி, “ம்மா, வேண்டாம்னு சொல்லுங்க” என்றான்.

கூப்பிடுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டரே வந்தார். மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்.

“அவர் உங்களுக்கு யார்?”

“மகன்.”

“உங்களை அடித்தது யார்?”

“மகன்.”

பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன்.

ஜூலை 27

காலையிலிருந்து போன். தரணியின் பெரியப்பா, சென்னியப்பன், பெயர் தெரியாத யார் யாரோ. பெரியப்பா, “பெத்தவளே புள்ளைய உள்ள தள்ளலாமா? குடும்ப விவகாரம்னு எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வா” என்றார். வலது காதில் வைத்திருந்த போனை எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன். அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.

சுகன்யா வந்துவிட்டாள். கோகிலாவின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொண்டார்கள், இப்போதைக்குப் போகலாமாம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு கிளம்பினாள். நானும் என் பையை எடுத்து வைத்தேன். ஊட்டியில் குளிர், சமைத்துப் போட ஆள் வேண்டும், இனியாவுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்றெல்லாம் மனதுக்குள் நினைத்து வைத்திருந்தேன்.

“நீங்க வர வேண்டாமுங்கத்தை” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு போதும் என்கிற மாதிரி சொன்னாள்.

“முந்தாநேத்து நீங்க காலைப் புடிச்சீங்க. இல்லைன்னா நான் இருந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியுமுங்க. ஆனா உங்க முகத்தைப் பாத்தா எனக்கு அந்தப் பின்கட்டுக் கதவுதானுங்க தெரியுது. இந்தப் பக்கம் நீங்க நின்னது உள்ள இருந்தே எனக்குத் தெரியும்.”

பையைக் கீழே வைத்தேன். கார் வரை போனேன். அவளால் ஒற்றைக் கையால் கதவைத் திறக்க முடியவில்லை, திறந்துவிட்டேன். ஏறிக்கொண்டாள். போனதும் இனியாவிடம் பேசச் சொல்கிறேன் என்று சுகன்யாதான் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

இன்று மாஜிஸ்திரேட் முன்னால் நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் வழக்கு நொண்டும் என்று இன்ஸ்பெக்டர் நேற்றே சொன்னார். பாவ்னா கூட வருகிறேன் என்று குடையோடு கீழே காத்திருக்கிறார்.

இப்போதுதான் தரணியின் வக்கீல் போன் செய்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கியிருக்கிறார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். வழக்கைப் பற்றி முதலில் எதுவும் சொல்லவில்லை.

“சாரைப் பாத்துட்டு வர்றேனுங்கம்மா. உங்களுக்குச் சுகர் மாத்திரை கையில இருக்குதான்னு கேக்கச் சொன்னார். தீந்துருக்கும், வாங்கிக் குடுங்கன்னு சொன்னார்.”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை நேற்றோடு தீர்ந்துவிட்டது. அது அவனுக்குத்தான் தெரியும். மாதா மாதம் அவன்தான் வாங்கி வருவான். ஒரு மாதம் தவறியதில்லை.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் பொறுமையாக இருந்தார்.

“மாத்திரையை நானே வாங்கிக்கறேன்னு சொல்லுங்க” என்றேன். “மத்ததை நான் ஜட்ஜுகிட்டச் சொல்லிக்கறேன்.”